லாகின் செய்தது மகள், வணக்கம் அப்பாவுக்கு

லாகின் செய்ததும் திரையின் வலது மேல் மூலையில் நம் பெயர் வருகிறதே, அதைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். வெப் அப்ளிகேஷன் எழுதுவதுதான் என் தொழில். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கும் சின்ன வேலைகளில் இதுவும் ஒன்று: "யூசர் பேரை ஹெட்டர்ல காட்டு." அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். ஃபர்ஸ்ட் நேம் கட்டத்தில் இருப்பதை எடுத்து "ஹாய்" பக்கத்தில் போட்டால் ஆயிற்று. தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தப்பு நடப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

நமக்கு இனிஷியல் முன்னால் வரும், பெயர் பின்னால் வரும். எம். கார்த்திக் என்று ஒருவர் இருக்கிறார், அப்பா முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று படிவம் இரண்டு கட்டங்களைக் காட்டுகிறது. வழக்கமாக எழுதும் வரிசையிலேயே அவர் நிரப்பினால் முதல் கட்டத்தில் முருகேசன், அடுத்ததில் கார்த்திக். உள்ளே போனால் "ஹாய் முருகேசன்." தங்கை கவிதாவும் அதே மாதிரி நிரப்பியிருந்தால் அவளுக்கும் "ஹாய் முருகேசன்." வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அண்ணன் லாக் அவுட் செய்யாமல் எழுந்து போயிருக்கிறான், தங்கை வந்து உட்காருகிறாள். திறந்திருப்பது யார் கணக்கு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மூலையில் பெயரைப் போடுவதே அதைத் தெரிவிக்கத்தான். அந்த ஒரு வேலையைக்கூடச் செய்யாத பெயரை எதற்காகக் காட்ட வேண்டும்?

இனிஷியலை விரிக்காமல் அப்படியே போட்டவர்களுக்கு வேறு பாடு. "டியர் எஸ்" என்று ஆரம்பிக்கும் மின்னஞ்சல் வராத தமிழர் யாராவது இருக்கிறீர்களா? சில தளங்கள் அந்த ஒற்றை எழுத்தையும் ஏற்காது, குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பில் எச்சரிக்கும். வேறு வழியில்லாமல் "எஸ்எஸ்" என்று அடித்து உள்ளே போகிறோம்.

என் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் அப்பா காலமாகிவிட்டார். அவள் கணக்கு வைத்திருக்கும் ஒரு வங்கியின் தளம் இன்னமும் அவளை அப்பா பெயரைச் சொல்லித்தான் வரவேற்கிறது. முதல் சில மாதங்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே மனசு வரவில்லை என்றாள். வாடிக்கையாளர் சேவையில் கேட்டதற்கு, "கேஒய்சி ஆவணத்தில் அப்படித்தானே மேடம் இருக்கு" என்று பதில் வந்தது. ஆவணத்தில் இருக்கட்டும், அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை. அவளைக் கூப்பிடும்போது அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்பதுதான் கோரிக்கை. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரால் வரவேற்கப்படும் பெண்களும் நிறைய உண்டு.

விஸ்வநாதன் ஆனந்தைப் பாருங்கள். விஸ்வநாதன் அவருடைய அப்பாவின் பெயர், அவர் பெயர் ஆனந்த். செஸ் உலகம் செல்லமாக "விஷி" என்கிறது. அன்போடுதான் சொல்கிறார்கள், அவரும் ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் ஐந்து முறை உலக சாம்பியன் ஆனவருக்கே உலகம் அப்பா பெயரைச் சுருக்கித்தான் செல்லப்பெயர் வைத்தது என்றால், ஒரு நிரல் நம் பெயரைச் சரியாக ஊகித்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஊகிக்கவே கூடாது என்பதுதான் என் கட்சி. கேட்க வேண்டும்.

இதெல்லாம் தமிழர்களுக்கு மட்டுமான பிரச்சினையும் இல்லை. ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா அல்லது அம்மா பெயரோடு 'மகன்', 'மகள்' என்று சேர்த்துக்கொள்வார்கள். இந்தோனேசியாவின் முதல் அதிபர் சுகர்ணோவுக்கு இருந்தது ஒரே பெயர். அமெரிக்க விசாவில் முதல் பெயர் இல்லாதவர்களுக்கு அந்த இடத்தில் எஃப்என்யூ, அதாவது 'முதல் பெயர் தெரியவில்லை', என்று அச்சிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் முழுப்பெயரும் ஒரே கட்டத்தில் ஏறிவிட்ட நம் ஆட்கள் பலர் அங்கே போய் அந்த மூன்றெழுத்தையே பெயராகச் சுமக்கிறார்கள்.

இத்தனைக்கும் தீர்வு எப்போதோ வந்துவிட்டது. லாகினுக்கு இன்று பரவலாகப் பயன்படும் ஓப்பன்ஐடி கனெக்ட் என்ற தரம் 2014-இல் இறுதியானது. அதில் கிவன் நேம் (சொந்தப் பெயர்), ஃபேமிலி நேம் (குடும்பப் பெயர்) எல்லாம் தனித்தனியாக இருந்தாலும், 'நேம்' என்றே ஒன்று இருக்கிறது: அந்த மனிதர் விரும்பும் வரிசையில், திரையில் அப்படியே காட்டத்தக்க முழுப்பெயர். அது கையில் வந்த பிறகும், நெருக்கமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக கிவன் நேமைத் தேடி எடுத்து "ஹாய்" போடுகிறோம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும் பெயரைப் பிரிக்கும் தேவை உண்மையில் இருக்கிறதா என்று யோசிக்கச் சொல்கிறது, எப்படி அழைக்கலாம் என்பதைத் தனியாகக் கேட்கச் சொல்கிறது. ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம்தான். அவ்வளவு ஏன், பான் கார்டுக்கு நாம் பல வருடமாக நிரப்பிவந்த 49ஏ படிவத்தை எடுத்துப் பாருங்கள். மேலே பெயரை இனிஷியல் இல்லாமல் முழுசாகக் கேட்கும். அதற்குக் கீழேயே, கார்டில் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்று தனியாக ஒரு வரி. காகிதப் படிவத்துக்குத் தெரிந்த விஷயம் நம் டேட்டாபேஸுக்கு ஏன் தெரியக்கூடாது?

"மொபைலில் முழுப்பெயருக்கு இடம் ஏது?" என்று டிசைனர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்காகப் பத்து எழுத்தோடு வெட்டு என்று நிரலில் எழுதினால் தமிழில் என்ன ஆகும் என்று பாருங்கள். கிருஷ்ணமூர்த்தி என்பதில் நம் கண்ணுக்குத் தெரிவது எட்டு எழுத்து: கி, ரு, ஷ், ண, மூ, ர், த், தி. கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடு கணக்கில் அது பதினைந்து. கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். பத்தில் வெட்டினால் "கிருஷ்ணமூர" என்று நிற்கும், புள்ளியைக்கூட இழந்து. இடம் போதாவிட்டால் பெயரை முழுசாகவே அனுப்பிவிட்டு, அகலத்துக்கு ஏற்பச் சுருக்கும் பொறுப்பை பிரவுசரிடம் விடலாம். தொட்டால் முழுப்பெயர் தெரிய வேண்டும்.

படம் வைக்காதவர்களுக்கு வட்டத்துக்குள் முதல் எழுத்தைப் போடும் பழக்கத்திலும் இதே கோளாறு. குமார், கோமதி, கௌசல்யா மூன்று பேருக்கும் வெறும் "க" தான் வரும். யூனிகோடு கணக்கில் முதலாவதை மட்டும் எடுத்தால் உயிர்க்குறி பின்னால் தங்கிவிடுகிறது. பிரவுசரில் ஓடும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டில், கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் இன்ட்டில் செக்மென்டர் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் கு, கோ, கௌ என்று ஒழுங்காகக் கிடைக்கும். ஸ்ரீதேவிக்கு மட்டும் அதுவும் "ஸ்" என்றுதான் கொடுக்கும், ஸ்ரீயைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இரண்டு வரி நிரல். எழுதுங்கள்.

தளம் நடத்துபவர்களிடம் நான் கேட்பது இதுதான். முழுப்பெயருக்கு ஒரு கட்டம், "உங்களை எப்படி அழைக்கட்டும்?" என்று இன்னொரு கட்டம். இரண்டாவது காலியாக இருந்தால் முழுப்பெயரையே காட்டுங்கள். "ஹாய் ராஜேஸ்வரி" என்று எழுபது வயது அம்மாவை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடும் சங்கடமும் அதில் குறையும். ஏற்கெனவே இருக்கும் பயனர்களுக்கு இரண்டு கட்டங்களையும் நீங்களாகவே ஒட்டவைத்து வரிசையைத் தீர்மானிக்காதீர்கள். அடுத்த முறை அவர்கள் லாகின் செய்யும்போது அந்தக் கேள்வியை ஒரே ஒரு தடவை கேளுங்கள். வங்கி என்றால் ஆவணப் பெயர் ஆவணத்தில் அப்படியே இருக்கும், இந்தக் கட்டத்தை மாற்ற அஃபிடவிட் கேட்க வேண்டியதில்லை.