வறண்ட சீமைக்கு எதுக்குய்யா வெள்ளச் சங்கு?

நவம்பர் 1 கிராமசபையில் எழுந்து, "நம்ம ஊருக்கு வெள்ள எச்சரிக்கைக் கருவி ஒண்ணு வைக்கணும், தீர்மானம் போடுங்க" என்று நான் சொன்னதும் முதலில் சிரித்தது என் சொந்த மச்சினன்தான். "குடிக்கிற தண்ணிக்கே கொடத்தத் தூக்கிட்டு நிக்கிறோம். மச்சானுக்கு வெள்ளம் வருதாம், சங்கு ஊதணுமாம்." கூட்டம் மொத்தமும் சிரித்தது. தீர்மான நோட்டில் தெருவிளக்கு ஏறியது, சுடுகாட்டுப் பாதை ஏறியது, நூறு நாள் வேலை ஏறியது. நான் சொன்னது ஏறவில்லை. டீயும் காராச்சேவும் வந்தன, கலைந்தோம்.

சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மழைக்கஞ்சி காய்ச்சி, கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்த ஊர் இது. கண்மாய் நிறைந்து மறுகால் போனால் பிள்ளைகுட்டியோடு போய் நின்று வேடிக்கை பார்ப்போம். தண்ணீர் நமக்கு வேண்டிக்கொண்டு வரவழைக்கிற சாமி. அந்தச் சாமி நடுராத்திரி வீட்டுக்குள் வந்து நின்றால் என்ன செய்வது என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

நாலு வருஷத்துக்கு முந்தி நானும் சிரித்திருப்பேன். ஐப்பசிக் கடைசி. பகல் பூராவும் கொட்டித் தீர்த்த மழை ராத்திரி பத்து மணிக்கெல்லாம் விட்டுவிட்டது. நட்சத்திரம்கூடத் தெரிந்தது. நிம்மதியாகப் படுத்தோம். ரெண்டு மணி இருக்கும், பக்கத்து வீட்டு ஆச்சியின் ஆடுகள் கத்தின. நாய் புகுந்துவிட்டதோ என்று கதவைத் திறந்தேன். வாசப்படியில் கழற்றிப் போட்ட செருப்பைக் காணோம். டார்ச் அடித்தால் முருங்கை மரத்தடியில் மிதக்கிறது. தெரு முழுக்கச் செம்மண் தண்ணீர். இரைச்சலே இல்லை. ஆறிய பாலில் ஆடை நகருமே, அந்த மாதிரி சும்மா நகர்ந்துகொண்டிருந்தது. நான் மனைவியை எழுப்பிவிட்டுத் திரும்புவதற்குள் ரெண்டாவது படியையும் காணோம்.

ஆச்சி கொட்டகையில் ஏழு ஆடு. கயிற்றை அவிழ்க்கக் குனிந்தால் முடிச்சு தண்ணீருக்குள் இருக்கிறது, நனைந்து இறுகிப்போய் நகத்துக்கு அசையவில்லை. ஆச்சி அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்தார், அதை வைத்து அறுத்தோம். மூணு ஆடு தேறியது. நாலு போயிற்று. என் மோட்டார் ரிப்பேர் கடையில் கம்பிச் சுருள் (காயில்) கட்டுவதற்காகத் தரையில் வரிசையாக வைத்திருந்த மோட்டார்கள் அத்தனையும் சேறு குடித்தன, அது தனிக் கதை.

விடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மேற்கே நாலு கிலோமீட்டரில் இருக்கிற கண்மாயில் பதினோரு மணிக்கே கரை கசிந்திருக்கிறது. ஊரே சாக்கு மூட்டையோடு கரையில் நின்றிருக்கிறது. பன்னிரண்டரைக்கு உடைந்திருக்கிறது. எங்கள் அக்கா வாக்கப்பட்ட ஊர் அது. காதுகுத்துக்கு மூணு தடவை போன் பண்ணிக் கூப்பிடுகிறவர்கள். அன்றைக்கு ஒருத்தருக்கும் கீழே ஒரு ஊர் இருக்கிற ஞாபகம் வரவில்லை. அத்தான் பிறகு சொன்னார்: "கையில மம்பட்டி இருந்துச்சு மாப்ளே. போனு வீட்ல சார்ஜ்ல கெடந்துச்சு." அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பதினொன்றிலிருந்து ரெண்டு வரை மூணு மணி நேரம். ஏழு ஆட்டையும் அவிழ்த்துக் கோயில் திடலில் கட்ட ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

'வானிலை எச்சரிக்கைதான் செல்போனுக்கே வருதே' என்று கேட்பீர்கள். அன்றைக்கும் வந்தது. 'மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு'. ஐப்பசி, கார்த்திகையில் தினம் வருகிற வாசகம். ரீசார்ஜ் ஆஃபர் மெசேஜோடு சேர்த்து அதையும் அழித்துவிட்டுத் தூங்குகிறோம்.

வானிலைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2020 அக்டோபரில் திடீர் வெள்ளத்துக்கென்றே தெற்காசிய நாடுகளுக்குச் சேர்த்து ஒரு வழிகாட்டு முறையைத் தொடங்கியது. நிலத்தை நாலு கிலோமீட்டருக்கு நாலு கிலோமீட்டராகக் கட்டம் போட்டு, மண் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் குடித்திருக்கிறது, இன்னும் எவ்வளவு மழை பெய்தால் பொங்கும் என்று ஆறு மணி நேரம் முன்கூட்டிப் பார்க்கிறார்கள். பெரிய விஷயம். ஆனால் எங்கள் கண்மாய்க் கரையில் நண்டு வளை விழுந்திருப்பது எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கல் கட்டான கலுங்கில் யாரோ மீன் பிடிக்கப் பலகை வைத்து அடைத்திருப்பது தெரியவே தெரியாது. கரையில் நடக்கிறவனுக்குத்தான் தெரியும்.

நமக்கெல்லாம் அவ்வளவு மழை வராது என்கிற நம்பிக்கைக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். நம் சிவகங்கை மாவட்டத்துக்கு வருஷம் பூராவும் பெய்கிற மழை ஏறத்தாழ 90 சென்டிமீட்டர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அது கடற்கரை என்பீர்கள். சரி, ஊத்தங்கரை? கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கடலை விட்டுத் தள்ளி உள்ளே இருக்கிற ஊர், நம்மை மாதிரியே வானம் பார்த்த பூமி. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை ஏறிய பிறகு, ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏரி நிரம்பி வந்த தண்ணீர், நிறுத்தி வைத்திருந்த வேன்களை உருட்டிக்கொண்டு போனதை நாம் எல்லோரும் செல்போனில் பார்த்தோம். பார்த்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போனோம்.

50 எல்லாம் வேண்டாம், 10 சென்டிமீட்டர் போதும். ஒரு சதுர கிலோமீட்டரில் 10 சென்டிமீட்டர் மழை என்றால் 10 கோடி லிட்டர். நம் தெருவுக்கு வருகிற பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் எண்ணினால் எட்டாயிரம் லாரிக்கு மேல். நம்ம செம்பாறைத் தரை அவ்வளவு வேகத்தில் குடிக்காது. வரத்துக்காலில் வீடு கட்டியாயிற்று, ஊருணிக்குப் போகிற வழியில் ரோடு உயர்ந்தாயிற்று. அந்த எட்டாயிரம் லாரியும் எங்கேதான் போகும்?

நம் பெரிய வீடுகளைக் கட்டியவர்களுக்கு இந்தக் கேள்வி இருந்திருக்கிறது. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ போய்ப் பாருங்கள், தெருவிலிருந்து திண்ணைக்கு எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது என்று. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டுபோன ஞாபகத்தில்தான் செட்டிநாட்டு நகரத்தார் இவ்வளவு மேடு தூக்கிக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். உண்மையோ கதையோ, தரைமட்டத்திலேயே டைல்ஸ் போட்டு, அதற்கும் கீழே ஒரு கார் ஷெட் இறக்குகிற நம்மைவிட அவர்கள் விவரம்.

நம் கண்மாய்கள் ஒன்றோடு ஒன்று கோத்தவை. மேல் கண்மாயின் மறுகால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. வறட்சிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் மேலே ஒன்று உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமாக அடுத்த கரையில் போய் முட்டும், அதுவும் தாங்காவிட்டால் அதற்கடுத்தது. ஆகவே என் ஊருக்கு எச்சரிக்கை என் ஊரில் கிடைக்காது, மேல் ஊரில்தான் கிடைக்கும். கிராமசபையில் எனக்குப் பரிந்து பேசிய ஒரே நண்பர்கூட 'பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில வச்சிரலாம்ணே, பாதுகாப்பா இருக்கும்' என்றார். அங்கே வைத்தால் வெள்ளம் வந்துவிட்டது என்று வெள்ளத்தில் நிற்கிறவனுக்கே சொல்லும். கருவி போகவேண்டிய இடம் அக்கா ஊர்க் கலுங்கு. ஊதவேண்டிய இடம் எங்கள் தெரு. ரெண்டு பஞ்சாயத்து சேர்ந்து செய்தால்தான் உண்டு, சிக்கலே அங்கேதான்.

அசாமில் செய்து காட்டியிருக்கிறார்கள். தேமாஜி பக்கம் ஜியாதால் ஆற்றில், காட்மாண்டுவைச் சேர்ந்த ஐசிமோட் என்கிற மலை ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து. மேலே ஆற்றங்கரையில் ஒரு சென்சார், சோலார் பலகை. பக்கத்தில் ஒரு வீட்டில் ரிசீவர். தண்ணீர் ஏறினால் அந்த வீட்டில் மணி அடிக்கும், வீட்டுக்காரர் கீழே உள்ள ஊர்களுக்குப் போன் அடிப்பார். அவ்வளவுதான். 2014இல் ஐ.நா.வின் காலநிலை அமைப்பு அதற்கு விருது கொடுத்தது. எனக்கு அதில் பிடித்தது சென்சார் இல்லை, அந்த வீட்டுக்காரர்.

பணம் இருக்கிற ஊரில் என்ன ஆயிற்று என்பதையும் பார்த்தோம். 2025 ஜூலை 4, அமெரிக்காவின் டெக்சாஸ். குவாடலூப் ஆறு 45 நிமிஷத்தில் 26 அடி ஏறியது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள், அதில் முகாமுக்கு வந்த சின்னப் பெண்பிள்ளைகளும் உண்டு. அந்த ஆறு ஓடுகிற கெர் கவுண்டியில் (நம்ம மாவட்டம் மாதிரி) சைரன் வைப்பதைப் பற்றி வருஷக்கணக்கில் பேசி, காசு ஆகும் என்று விட்டிருந்தார்கள். அதே ஆற்றில் கீழே கம்ஃபர்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே தன்னார்வத் தீயணைப்புக்காரர்கள் சைரன் ஊதி ஜனங்களைக் கிளப்பினார்கள். அந்த ஊரில் ஒரு உயிரும் போகவில்லை.

இனி என் தொழில் பேச்சு. தண்ணீர் மட்டத்தைத் தொடாமல் அளக்கிற சென்சார் பெரிய வித்தை இல்லை. மேலே இருந்து ஒலியை அனுப்பி, அது திரும்பி வருகிற நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும். பக்கத்தில் மழைமானி, சின்ன வாளி நிறைந்து கவிழக் கவிழ எண்ணிக்கொள்ளும். ஒரு சிம், ஒரு பேட்டரி, ஒரு சோலார் பலகை. காரைக்குடியில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சிக்கு நாட்டுக்கே பேர் சொல்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், பக்கத்திலேயே இருக்கிறது. மாணவர்களுக்கு ஒரு புராஜெக்டாகக் கொடுத்தாலே செய்துவிடுவார்கள். செய்வதில் எனக்குச் சந்தேகமே இல்லை, வைத்துக் காப்பாற்றுவதில்தான். சென்சார் முன்னால் சிலந்தி வலை கட்டினால் கண்மாய் நிறைந்துவிட்டதாகச் சொல்லும். குளவி மண்கூடு வைத்தால் ஒன்றுமே சொல்லாது. மழைமானிப் புனலைக் காக்கை எச்சம் அடைக்கும். எல்லாவற்றையும்விட, சிம்முக்கு ரீசார்ஜ் யார் போடுவது? நம் தெருமுக்குச் சிசிடிவி கேமராவில் குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருப்பதைப் போய்ப் பாருங்கள், நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று புரியும்.

சும்மா சும்மா ஊதினாலும் கெட்டது. புலி வருது கதைதான். அதனால் ரெண்டு கோடு போதும் என்கிறேன். கலுங்கு மட்டத்தை எட்டினால் பத்துப் பேருக்கு மட்டும் போன், கூடவே மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்கும் ஒன்று. கலுங்குக்கு மேலே ஒரு சாண் ஏறினாலோ, கரை கசிந்தாலோ சங்கு. சங்குக்குத் தனியாகச் செலவே வேண்டாம். கோயிலில் ரேடியோ செட் இருக்கிறது, பள்ளிவாசலில் ஒலிபெருக்கி இருக்கிறது, மாதா கோயிலில் மணி இருக்கிறது. மூணும் நேரங்கெட்ட நேரத்தில் ஒன்றாக ஒலித்தால் எவனும் கல்யாண வீடு என்று நினைக்கமாட்டான். கரண்டு போயிருக்கும், அதற்கு மட்டும் பேட்டரி ஆம்ப்ளிபயர் தேவை. நானே போட்டுத் தருகிறேன்.

சங்கு கேட்டதும் எந்தப் பக்கம் ஓடுவது என்பதையும் புரட்டாசியிலேயே ஒரு தடவை ஓடிப் பார்க்கவேண்டும். முக்கியமாக பைக், கார் வைத்திருப்பவர்கள். ஓடுகிற தண்ணீர் அரையடி இருந்தால் ஆளைச் சாய்க்கும், ரெண்டடி இருந்தால் காரைத் தூக்கும். 2021இல் புதுக்கோட்டைப் பக்கம் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஒரு உயிர் போனது. அதற்குப் பிறகும் நம் ஆட்கள் பாலத்தடியில் 'போயிரும்ணே, போயிரும்' என்றுதான் வண்டியை இறக்குகிறார்கள். அங்கே ஒரு அளவுகோல் வரையக்கூட இன்னும் ஆள் வரவில்லை.

அசாமின் அந்த வீட்டுக்காரர் மாதிரி நமக்கு யார் என்றால், ஏற்கெனவே இருந்தவர்தான். நீர்ப்பாய்ச்சி. மடை திறப்பதும், கரை பார்ப்பதும், ராத்திரி மழையில் கலுங்குக்குப் போய்வருவதும் அவர் வேலை. களத்தில் அவருக்கென்று நெல் அளந்தோம். விவசாயம் சுருங்கியதும் நெல்லை நிறுத்தினோம், அவரும் நின்றுவிட்டார். அந்த வேலையைத் திரும்பக் கொண்டுவந்து, ஐப்பசியிலிருந்து தை வரைக்காவது மாதச் சம்பளம் போடவேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. கருவி அதற்குப் பிறகு. கருவி தூங்கினாலும் அவர் விழித்திருப்பார். அவர் ஒருநாள் படுத்துவிட்டால் கருவி பார்த்துக்கொள்ளும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா ஊருக்குப் போயிருந்தேன். அங்கே கடைசியாக மடை பார்த்த பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கலுங்குக் கல்லில் சிவப்புப் பெயிண்டில் சாணுக்கு ஒரு கோடு போட்டேன். அத்தான் ஏணி பிடித்தார். பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இந்தக் கோடெல்லாம் ஒனக்குத்தாம்ப்பா. எனக்கு அந்தக் கல்லுல கால வச்சா தண்ணி எம்புட்டு ஏறியிருக்குன்னு தெரியும்" என்றார். என் நம்பரை அவர் போனில் பதிந்து, ஒன்றை அழுத்தினால் எனக்கு வருகிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். அடுத்த கிராமசபையில் உங்களுக்குச் சம்பளம் கேட்கப்போகிறேன் என்றதற்கு, "சம்பளத்தப் பொறவு பாப்போம், மொதல்ல நல்ல டார்ச்சு லைட்டு ஒண்ணு வாங்கிக் குடு" என்றார்.

வாங்கிக் கொடுத்துவிட்டேன். பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஜனவரி 26 கிராமசபையில் மச்சினன் கையில்தான் முதலில் கொடுப்பேன்.