எல்லாமே ‘டிபோர்ட்’ இல்லை

லால்பேட்டை, பரங்கிப்பேட்டை டீக்கடைகளில் “டிபோர்ட் ஆகி வந்துட்டான்” என்று சொல்லாத நாள் குறைவு. மூன்று வேறு சங்கதிகளுக்கு நம் ஊரில் இந்த ஒரே சொல்தான்.

கோலாலம்பூரில் இறங்கியதும் ஏர்போர்ட்டிலிருந்தே திருப்பி ஏற்றிவிடுவது ஒன்று. ‘நாட் டு லேண்ட்’ என்பார்கள். நாட்டுக்குள் நுழையவே இல்லை, ஆகவே அது நாடுகடத்தல் ஆகாது. விசா முடிந்தும் தங்கியவர் அபராதம் கட்டித் தானே கிளம்புவது இரண்டாவது. பிடித்து அடைத்து, கைரேகை எடுத்து, மறுபடி வரத் தடை போட்டு அனுப்புவதுதான் அசல் டிபோர்ட். இரண்டாவதுக்கு வழி இருந்தும் பயந்து ஒளிந்து, ‘கல்லிவல்லி’யாக, அதாவது உரிய அனுமதி இல்லாமல் திருட்டுத்தனமாக வேலை பார்த்து, மூன்றாவதில் போய் விழுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

துபாயில் கூடுதலாகத் தங்கும் நாளுக்கு 50 திர்ஹாம். 40 நாளுக்கு 2,000, கடன் வாங்கியாவது கட்டலாம். ஒரு வருஷம் ஒளிந்தால் 18,250. சிங்கப்பூரில் 90 நாள் தாண்டினால், 50 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்குச் சிறையோடு குறைந்தது 3 பிரம்படி.

சவூதி விஷயத்தில்தான் எரிச்சல் வருகிறது. இக்காமாவை (தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி அட்டை) புதுப்பிக்க வேண்டியவர் கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி. தாமதமானால் முதல் முறை 500 ரியால், அடுத்து 1,000, மூன்றாம் முறை ஊருக்கு ஏற்றப்படுவது தொழிலாளி! “ஓடிவிட்டான்” என்று முதலாளி அரசிடம் புகார் (ஹுரூப்) போட்டுவிட்டால், சோதனையில் மாட்டும்போதுதான் பலருக்கே தெரியும். மாதம் ஒருமுறை சவூதி அரசின் அப்ஷிர் செயலியில் இக்காமா முடியும் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

வேர் இங்கேதான் இருக்கிறது. பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை, அதாவது குடியேற்றச் சோதனை தேவைப்படுவது (நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலை இல்லை). வளைகுடா, மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும், விசிட் விசாவுக்கு வேண்டாம். ஏஜெண்ட் நுழைகிற சந்து இதுதான்: விசிட் விசாவில் ஏற்றிவிட்டு வேலைக்கு விடுவார். ஒப்பந்தம் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, வேலை பார்க்கும் முதல் நாளே சட்டமீறல். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தின் பதிவெண்ணைக் கேளுங்கள், முகம் மாறும்.

பெயரை மாற்றிப் புது பாஸ்போர்ட் எடுத்து மறுபடி போகலாம் என்கிறார்களே, அதை நம்பாதீர்கள். துபாய் உள்ளிட்ட எமிரேட்ஸ் நாட்டில் கண்ணின் கருவிழியைப் பதிந்து வைக்கிறார்கள், கண் பெயர் மாறாது. இங்கேயும் பாஸ்போர்ட் சட்டப்படி பொய்த் தகவல் குற்றம். வங்கிக் கடன் வழக்கு இருந்தாலோ நேர் எதிர்க் கதை: பயணத்தடை விழும், ஊருக்குக் கிளம்பவே முடியாது.

பாஸ்போர்ட் கையில் இல்லாமல் பிடிபட்டால் தூதரகம் தரும் அவுட்பாஸ் என்ற ஒருவழிப் பயணச் சீட்டில்தான் திரும்ப முடியும். இந்தியர்தான் என்று உறுதியாகும்வரை உள்ளேயே கிடக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கம், விசா, இக்காமா எண், கம்பெனி பெயர் எல்லாம் ஒரு நகல் வீட்டு பீரோவில் இருக்கட்டும். சம்பள பாக்கி இருந்தால், விமானம் ஏறுமுன் தூதரகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.