பேப்பர் இல்லாத பிள்ளைக்கும் பெஞ்சில் இடம் வேண்டும்

ஜனவரியில் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் பள்ளிகள் திறக்கும்போதெல்லாம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே புலம்பல்தான். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், நம் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று. இந்த வருடம் அதற்குக் கட்டைவிரல் போட்டவர்களில் என்னைப்போலத் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

நாமும் வெளிநாட்டுக்காரர்கள்தானே? என் மகன் பிறந்தது மதுரையில். அவனைச் சேர்க்கப் போனபோது பள்ளி அலுவலகத்தில் பாஸ்போர்ட்டை நகல் எடுத்தார்கள், தடுப்பூசி அட்டையைப் பார்த்தார்கள், சீருடை எந்தக் கடையில் மலிவு என்றுகூடச் சொல்லி அனுப்பினார்கள். எனக்குப் பின்னால் காங்கோவிலிருந்து வந்த ஒரு பெண் நின்றிருந்தார். கையில் அடைக்கலம் கேட்ட விண்ணப்பத் தாள், மடித்து மடித்து மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியது. அதன் தேதி முடிந்திருந்தது. "உள்துறை அலுவலகத்துக்குப் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் அவர் மகள், புதுப் புத்தகப் பையோடு.

அப்படித் திருப்பி அனுப்ப இந்த நாட்டில் யாருக்கும் உரிமை இல்லை. அரசியல் சட்டத்தின் 29ஆவது பிரிவு அடிப்படைக் கல்வி எல்லோருக்கும் உரியது என்கிறது; குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. கிழக்கு கேப் மாகாணத்தில் அடையாள எண் இல்லாத மாணவர்களுக்காகப் பள்ளிகளுக்குப் பணம் தர அரசு மறுத்தபோது, ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவும் 37 பிள்ளைகளும் வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் அந்த மாகாணத்தின் மகாண்டா உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பேப்பர், அதாவது அடையாள ஆவணம், இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் வெளியே நிறுத்தக் கூடாது, பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் பெற்றோரின் பிரமாண வாக்குமூலம் போன்ற வேறு ஆதாரத்தை ஏற்க வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நாடு முழுவதும் பேப்பர் இல்லாமல் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தென்னாப்பிரிக்கப் பிள்ளைகளே.

நம் ஆட்களுக்கு இதைச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும் என்பதே எனக்கு வேதனை. 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு வந்து டர்பனில் இறக்கியது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் கரும்புக்காட்டுக்கு வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தானாக வரவில்லை. கூலியில் மிச்சம் பிடித்துத் தாங்களே நிதி திரட்டிக் கட்டினார்கள், அரசு பாதி கொடுத்தால் அதுவே பெரிது. இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே வந்த நம் சீனிவாச சாஸ்திரி முயற்சியில் டர்பனில் சாஸ்திரி கல்லூரி திறக்க 1929 ஆனது.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆண்ட்டி ஓய்வுபெற்ற ஆசிரியை. தொண்ணூறுகளில் நிறவெறிச் சட்டங்கள் ஒழிந்து, கறுப்பின மக்கள் வாழும் பக்கத்து உம்லாசியிலிருந்து ஜூலு பிள்ளைகள் டாக்ஸி ஏறி வரத் தொடங்கியபோதும் இதே பேச்சுதான் இருந்தது என்கிறார். தரம் போய்விடும், நம் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்கள் என்றார்களாம். இன்று அந்தப் பிள்ளைகள் இல்லாமல் எங்கள் பள்ளிகள் நடக்குமா?

என் மகனின் வகுப்பில் மலாவி, காங்கோ, பாகிஸ்தான் எல்லாம் உண்டு. ஆங்கிலம் பிடிபடாத சுவாஹிலிப் பையன் ஒருவனை, அதே மொழி பேசும் பழைய மாணவி பக்கத்தில் டீச்சர் உட்காரவைத்தார். கணக்கு வாசகத்தை அவள் மெல்லச் சொல்ல, அவன் விடையை எழுதிவிடுவான். கணக்கு அவனுக்கு எப்போதோ தெரியும், கேள்விதான் புரியாமல் இருந்தது. என் மகனோ இடைவேளையில் பந்து விளையாடியே ஜூலு பேசக் கற்றுக்கொண்டான். எந்த டியூஷனுக்கும் நான் பணம் கட்டவில்லை.

நெரிசல் பொய் என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் நாற்பதுக்கு மேல் உட்கார்ந்தால் எந்த டீச்சரால் எல்லா நோட்டையும் பார்க்க முடியும்? ஆனால் அதற்குக் காரணம் ஆசிரியர் பணியிடங்கள் போதாததும், பள்ளிகளுக்குச் சேர வேண்டிய மானியத்தை மாகாணக் கல்வித்துறை இழுத்தடிப்பதும்தான். கோபத்தை அங்கே காட்டுங்கள். ஏழு வயதுப் பெண்ணிடம் ஏன் காட்டுகிறீர்கள்?

பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதிகளுக்குத்தான் பெரும்பான்மை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில், வாக்குமூலம் கொடுத்தால் சேர்த்துக்கொள்வோம் என்பதை அலுவலக வாசலில் எழுதி ஒட்டச் சொல்லிக் கேட்கப் போகிறேன். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் இருக்கும் தமிழர்கள் உங்கள் பள்ளியிலும் கேளுங்கள். அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம் யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வாக்குமூலம் எழுத நானே கூட வருகிறேன்.