'போலீஸ் ஸ்டோரி': எலும்புக் கணக்கு போதும்

1985-இல் வந்த ஜாக்கி சானின் 'போலீஸ் ஸ்டோரி' பற்றி யார் எழுதினாலும் கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் போய் நிற்கிறார்கள். ஷாப்பிங் மாலில் கம்பத்தைப் பிடித்துச் சறுக்கினார், சுற்றியிருந்த பல்புகள் கொதித்தன, உள்ளங்கை வெந்தது, முதுகெலும்பில் அடி. எல்லாம் உண்மைதான். ஆனால் அடிபட்டதால் மட்டும் ஒரு காட்சி நன்றாகிவிடாது.

இன்னொரு கட்சி இருக்கிறது. "கதை இல்லை, நடுவில் வரும் காமெடி வெறும் இட்டு நிரப்பல்" என்பார்கள். இவர்களோடுதான் தகராறு.

அந்த டெலிபோன் காட்சியை மறுபடி பாருங்கள். ஊர்க்கோடி போலீஸ் ஸ்டேஷனில் ஜாக்கி தனியாக. ஒரு ரிசீவர் காதுக்கும் தோளுக்கும் நடுவில், கைக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. நாற்காலியிலேயே உருண்டு உருண்டு போகிறார். ஒயர்கள் பின்னிக்கொள்கின்றன, ஒருவருக்கான பதில் இன்னொருவர் காதில் விழுகிறது. எந்த ஒயர் எங்கே சிக்கியது என்பது நமக்குத் தெளிவாகத் தெரிவதால்தான் சிரிப்பு வருகிறது. கிளைமாக்ஸ் மால் சண்டையிலும் இதே கணக்குதான். ஒயருக்குப் பதில் எஸ்கலேட்டர், கண்ணாடி அலமாரி. கண்ணாடி உடைந்த உடைப்பில் ஸ்டண்ட் ஆட்களே படத்துக்கு 'கண்ணாடிக் கதை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஹாங்காங் சண்டைக் காட்சிகளை அலசிய அமெரிக்கத் திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் சரியான இடத்தில் கைவைத்தார்: ஒரு நிறுத்தம், சடசடவென அடி, மறுபடி நிறுத்தம். பீக்கிங் ஆபரா என்னும் சீன இசை நாடகத்தில் வளர்ந்த ஜாக்கியின் உடம்புக்கு அது ரத்தத்தில் ஊறியது. அந்த நொடி நிறுத்தத்தில்தான் யார் எங்கே நிற்கிறார் என்று கண் பிடித்துக்கொள்கிறது. அதை வெட்டி எறிந்தால் மிஞ்சுவது இரைச்சல். இந்தப் படத்தின் ஆரம்பத்தில் குடிசைச் சரிவில் கார் இறங்குவதை 2003-இல் ஹாலிவுட்டின் 'பேட் பாய்ஸ் 2' எடுத்துக்கொண்டது. சம்பவம் வந்தது, தாளம் வரவில்லை.

பஸ் காட்சியில் ஒரு பிசகு அப்படியே படத்தில் இருக்கிறது. டபுள் டெக்கர் பஸ் மாடியிலிருந்து பறக்கும் அடியாட்கள் முன்னால் நிற்கும் காரின்மேல் விழ வேண்டியவர்கள். பஸ் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட, தார் ரோட்டில் விழுகிறார்கள்.

கம்பச் சறுக்கலை மூன்று கோணத்தில் மூன்று தடவை காட்டுவது கதையை நிறுத்துகிறது என்கிறார்கள். நிறுத்தத்தான் செய்கிறது, நிற்கட்டுமே! 1986-இல் ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம் இதுதான்; அங்கே அதை யாரும் குற்றமாக நினைத்ததாகத் தெரியவில்லை.

விமர்சகர்கள் சொல்வதில் மறுக்க முடியாதது ஒன்று உண்டு. காதலியாக வரும் மேகி சியுங்குக்குக் கோபித்துக்கொள்வதையும் அல்லாடுவதையும் தவிர வேலையே இல்லை. சாட்சியாக வரும் பிரிஜிட் லின்னுக்காவது தூக்கிக்கொண்டு ஓட ஒரு பெட்டி கிடைத்தது.

பார்ப்பதானால் ஹாங்காங் மொழியான கான்டனீஸ் ஒலியிலேயே பாருங்கள். அதுவும் பின்னால் டப் செய்ததுதான், ஆனால் டெலிபோன் காட்சியின் வேகம் அதில்தான் பிசகாமல் இருக்கிறது.