டெல்லி அப்பளத்தைத் திட்டுவதற்கு முன்னால்

ஆனித் திருவிழா வந்தால் நெல்லை டவுனில் தேர் ஒரு பக்கம், பொருட்காட்சி ஒரு பக்கம். உள்ளே ராட்டினம், மரணக்கிணறு என்று என்ன இருந்தாலும் ராத்திரி வெளியே வருகிறவர்கள் கையைப் பார்த்தால் டெல்லி அப்பளம்தான். கூடவே ஒரு புலம்பலும் கிளம்பிவிடும்: "கல்லிடைக்குறிச்சி அப்பளம் இருக்கிற ஊர்ல டெல்லி அப்பளத்துக்கு இவ்வளவு கூட்டமா?" எனக்கு இந்தப் புலம்பலில் உடன்பாடு இல்லை.

அந்தக் கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காய்கிற எண்ணெயில் அப்பளத்தை விட்டதும் ஓரம் சுருண்டு மேலே எழும்பும். இரண்டு நீளக் கம்பியால் அதை அமுக்கி, விரித்து, ஒரே புரட்டு. சிவக்க விடாமல் எடுத்துச் செங்குத்தாகச் சாய்த்து எண்ணெய் வடிய வைப்பார். மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் இருந்து மிளகாய்ப் பொடி மழைபோல விழும். "அண்ணாச்சி, பொடி கொஞ்சம் தூக்கலா" என்று கேட்டால் முகம் பார்க்காமலே இன்னொரு உதறல். நான் வாங்கிய கடைக்காரர் பேசியது சுத்தமான மதுரைப் பேச்சு. டெல்லிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் பொரிக்கப் போய்விட்டார்.

ருசி? வெறும் அப்பளமாகப் பார்த்தால் சுமார்தான். உளுந்து வாசம் இல்லை, பாதிக்கு மேல் காரம் மட்டும்தான் நாக்கில் நிற்கிறது. ஆனால் முகத்தை மறைக்கிற அளவு பெரிய வட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடிக்கிற கூட்டத்தில் உடையாமல் காப்பாற்றி, சாரல் காற்றில் நமத்துப் போவதற்குள் தின்று முடிக்கிற அவசரம் இருக்கிறதே, காசு அதற்குத்தான். கூட வந்த மைனி, "இந்தக் காசுக்கு ஒரு பாக்கெட்டு வாங்கி வீட்ல பொரிச்சிரலாம்லா" என்றார். சொல்லிக்கொண்டே என் அப்பளத்தில் பாதியை உடைத்துக்கொண்டார்.

நம் அப்பளத்துக்கு என்ன குறை? ஒன்றும் இல்லை. உளுந்து மாவும் அப்பளக்காரம் என்கிற உப்பும் சேர்ந்து, சூடான எண்ணெயில் பட்டதும் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகிக் குப்பென்று பொரியும்போது வரும் வாசத்துக்கு டெல்லி அப்பளம் பக்கத்தில்கூட வர முடியாது. தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். ஆனால் அதை நாம் பாக்கெட்டில்தான் விற்கிறோம். சாம்பார் சாதத்துக்கும் பாயசத்துக்கும் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டோம். அதையே தின்பண்டமாக, சுடச்சுட, நடுத்தெருவில் பொரித்துக் கொடுக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. (ஜிஎஸ்டிகூட அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. 2021-ல் வட்ட அப்பளத்துக்கு வரி இல்லை, சதுர அப்பளத்துக்கு மட்டும் வரியா என்று ட்விட்டரில் ஒரு சண்டை நடந்தது. எந்த வடிவமானாலும் அப்பளத்துக்கு வரி இல்லை என்று வரித்துறை விளக்கம் கொடுத்தது. ஆனால் பொரித்துப் பரிமாறினால் அந்த விலக்கு கிடையாது.)

அல்வாவைப் பாருங்கள். கீழ ரத வீதியில் சாயங்காலம் திறக்கும் இருட்டுக்கடையில் நின்ற இடத்திலேயே சுடச்சுட வாங்கித் தின்றுவிட்டுத்தானே ஊருக்கு ஒரு பொட்டலம் கட்டுகிறார்கள்? கையில் சூடாகக் கிடைத்த அந்த வாய் அல்வாதானே விளம்பரம்! அப்பளத்துக்கு அந்த வாய்ப்பை நாம் கொடுக்கவே இல்லை. மதுரைக்காரர் எங்கிருந்தோ வந்து கொடுக்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது?

எண்ணெய் விஷயத்தில் மட்டும் எனக்கும் கோபம் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் சட்டியில் கிடக்கும் எண்ணெயின் நிறத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மொத்தத் துருவச் சேர்மம் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகிற கழிவு) 25 சதவீதத்துக்கு மேல் போன எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. பொருட்காட்சியில் அதை யார் அளக்கிறார்கள்? ஆகவே சாயங்காலமே போய்விடுவது நல்லது.

கல்லிடையில் அப்பளம் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு சந்தேகம்: உளுந்து மாவைத் தாம்பாளம் அளவுக்குத் தேய்த்தால் பொரிக்கும்போது தாங்குமா, இல்லை நடுவில் விண்டு போகுமா? தாங்கும் என்றால் அடுத்த ஆனிக்கு ஒரு கடை போடுங்கள். மேலே தூவ வெறும் மிளகாய்ப் பொடி வேண்டாம், பெருங்காயம் தூக்கலாக இட்லிப் பொடி. மைனியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.