வாளி செஞ்சவங்க பேரு வாளியிலயே இருக்கு சார்

ரஷ்யாவுல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் மியூசியத்துல ஒரு வாளி இருக்கு. பித்தளை உடம்பு, மேல வெள்ளியும் செம்பும் பதிச்சது, சுமார் 18 செ.மீ. உயரம், ஒரு சின்ன தூக்குவாளின்னு வச்சுக்கங்களேன். 1163 டிசம்பர்ல ஹெராத்துல செஞ்சது. இன்னிக்கு அது ஆப்கானிஸ்தான், அன்னிக்கு குராசான்ங்கிற பிரதேசத்தோட பெரிய ஊர்கள்ல ஒண்ணு. உலகம் பூரா இதுக்குப் பேரு 'பாப்ரின்ஸ்கி வாளி'. யாருய்யா இந்த பாப்ரின்ஸ்கின்னு பாத்தா, இதை விலை குடுத்து வாங்கி வச்சிருந்த ரஷ்யப் பிரபு. அவ்ளோதான் சம்பந்தம். எனக்கு வயித்தெரிச்சலே இதான்.

ஏன்னா இது பேர் தெரியாத பொருள் இல்ல. எழுதியே வச்சிருக்காங்க. செய்யச் சொன்னது அப்துர் ரஹ்மான் இப்னு அப்துல்லா அல் ரஷீதி, வாளியை வடிச்சது முகமது இப்னு அப்துல் வாஹித், நகாசு வேலை ஹெராத் மசூத் இப்னு அகமது, போய்ச் சேர வேண்டிய ஆள் ரஷீதுத்தீன் அஸீஸிங்கிற சன்ஜான்காரர் (சன்ஜான் ஈரான்ல ஒரு ஊர்). அந்த சன்ஜான்காரர் ராஜாவும் இல்ல மந்திரியும் இல்ல, வியாபாரி. 'வணிகர்களின் பெருமை'ன்னு பட்டம் வேற குடுத்து எழுதிருக்கு. கைப்பிடியில மாசம் வருஷம் உட்பட இருக்கு. இதுக்கு மேல ஒரு மனுஷன் என்னதான் பண்ணுவான், ஆதார் கார்டா ஒட்டி வைப்பான்?

அந்த வேலை எப்படின்னு தெரிஞ்சா இன்னும் கடுப்பாகும். பித்தளைல டிசைன் இருக்க வேண்டிய இடத்தை உளியால குழிச்சு எடுக்கணும், குழியோட விளிம்பை உள்பக்கமா சரிச்சு வெட்டணும், அப்புறம் அதே அளவுக்கு வெள்ளித் தகடு நறுக்கி உள்ள வச்சுத் தட்டணும், விளிம்பு தகட்டைக் கவ்விப் பிடிச்சுக்கும், அதுக்கு மேல சின்ன உளியால முகம், துணி மடிப்பு எல்லாம் கீறுவாங்க, மீதி இடத்துல கருப்பா ஒரு கலவை பூசிட்டா வெள்ளி பளிச்னு எடுப்பா தெரியும். மசூத் இதை வெறும் பூ கொடியில பண்ணல, எழுத்துலயே பண்ணிருக்கார். அரபு எழுத்தோட நெட்டுக் கோடு மேல போகப் போக மனுஷத் தலையா, உடம்பா மாறிடுது, ஒருத்தன் குடிக்கிறான், ரெண்டு பேர் அடிச்சுக்கிறாங்க. வாழ்த்து வாசகம்தான் எழுதிருக்கு, ஆனா அந்த எழுத்துங்க பாட்டுக்கு சண்டை போட்டுட்டு இருக்கு. அதுக்குக் கீழ தனி வரிசையில குதிரைக்காரங்க, கச்சேரி, சூதாட்டம்னு ஒரு ஊரே இருக்கு.

"பிரபு வாங்கலன்னா எவனாவது உருக்கிருப்பான்"னு சொல்வீங்க. நியாயம்தான், பழைய பித்தளையில எக்கச்சக்கம் அப்படித்தான் போச்சு. அதுக்கு நன்றி சொல்லி விவரப் பலகையில கடைசி வரியா போடுங்க, யார் வேணாங்கிறா. தலைப்பு எதுக்கு?

இது ஒரு பொருளோட கதையும் இல்ல. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல 1232ல இராக்கோட மோசூல்ல செஞ்ச கூஜா ஒண்ணு, சுஜா இப்னு மனா தன் பேரைப் போட்டு மோசூல்ல செஞ்சேன்னு ஊரையும் எழுதினது, அதுக்குப் பேரு 'பிளாக்கா கூஜா', பிளாக்கா ஒரு பிரெஞ்சுப் பிரபு. இன்னும் மேற்கே போனா அதைவிட மோசம். பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல இருக்கிற, எகிப்து, சிரியாவை ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்துத் தொட்டியில முகமது இப்னு அல் ஜைன் ஒரு இடம் இல்ல, ஆறு இடத்துல கையெழுத்துப் போட்டிருக்கார், அதைப் புனித லூயி ஞானஸ்நானத் தொட்டின்னு கூப்பிடுறாங்க. அந்த லூயி பிரான்ஸ் ராஜா, 1270லயே செத்துட்டார், தொட்டி அதுக்கப்புறம்தான் செஞ்சதுன்னு ஆராய்ச்சியாளர்களே சொல்றாங்க!

நான் இனிமே மசூத் வாளின்னுதான் எழுதப் போறேன். ஆனா அப்படிச் சொன்னா வடிச்சுக் குடுத்த முகமதுவை விட்ட மாதிரி ஆகும், நான் திட்டுற அதே வேலையை நானே பண்ண மாதிரி. சரி, முகமது மசூத் வாளி. நீளமாதான் இருக்கு, பரவால்ல.