யூகலிப்டஸ் 1000 லிட்டர் குடிக்குமா? ஊசி சொல்லாத கணக்கு

"ஒரு யூகலிப்டஸ் தினமும் 1000 லிட்டர் உறிஞ்சுது, சென்சார் வச்சே அளந்துட்டாங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சென்சார் லிட்டரை அளக்காதுங்க. பிரான்ஸில் கிரானியே என்ற ஆய்வாளர் 1985-இல் கொண்டுவந்த முறையை எடுத்துக்கொண்டால், தண்டுக்குள் மேலும் கீழுமாக இரண்டு ஊசி, மேலே உள்ளது சூடாக்கப்பட்டது; சாறு, அதாவது வேரிலிருந்து தண்டு வழியாக ஏறும் நீர், வேகமாக ஏறினால் அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போகும், இரண்டுக்குமான வெப்ப வித்தியாசம் குறையும், அதிலிருந்துதான் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். அப்புறம் அதை நீர் ஏறும் வெளிறுக் கட்டையின் பரப்பால் பெருக்க வேண்டும். வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் நீர் ஏறாது. அதையும் சேர்த்து மொத்தத் தண்டுக்கும் பெருக்கினால் விடை எகிறத்தான் செய்யும், ஊசி நுனி அந்த வைரத்துக்குள் போய்விட்டாலோ அளவு குறைத்துக் காட்டும்.

சரி, எண்ணுக்கு வருவோம். 67 மர இனங்களின் அளவீடுகளைத் தொகுத்த 1998-ஆம் ஆண்டு ஆய்வில் சுமார் 90 சதவீதம் நாளுக்கு 10 முதல் 200 லிட்டருக்குள்தான் வந்தன. அந்தத் தொகுப்பிலேயே உச்சமான 1180 லிட்டர் அமேசான் காட்டின் ஒரு பெருமரத்துக்கு உரியது, யூகலிப்டஸுக்கு இல்லை. அதற்காக யூகலிப்டஸ் தோப்பு நிலத்தடி நீரைத் தொடவே தொடாது என்றும் நான் சொல்லவில்லை, ஏக்கருக்கு எத்தனை மரம் நெருக்கி நட்டிருக்கிறார்கள் என்பது தனிக் கணக்கு.